கடைசி அறைக்கான திருத்தச் சீட்டு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே குறை சொல்ல எதுவும் இல்லை. உன் இருமல் நின்றதா? நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தாயா, அல்லது பார்த்ததாக எழுதப் போகிறாயா?

உன் அண்ணன் போய் மூன்று மாதம் முடிந்தது. அவர் விட்டுப்போனவற்றில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் வைத்திருந்தது டிவியில் மாட்டி ஆடும் அந்த விளையாட்டுப் பெட்டியையும் ஓர் அலமாரி நிறைய டிஸ்க்குகளையும்தான். வாங்கிய பொருள் தூசி படியக் கூடாது. ஆகவே தினமும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை நானே விளையாடுகிறேன். சிரிக்காதே. முப்பத்தொரு ஆண்டு அச்சகத்தில் பிழை திருத்தியவளுக்கு நான்கு பொத்தான்கள் பழக நான்கு நாள் ஆகாது.

என் கருத்துகளைக் கேள். கார்ப் பந்தயத்தில் சுவரில் மோதிய கார் மறுநொடியே புதிதாக வந்து நிற்கிறது. மோதியவனுக்குத் தழும்பும் இல்லை, வெட்கமும் இல்லை. போர் விளையாட்டில் கதவைத் தட்டாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். விவசாய விளையாட்டு தேவலை. விதைத்தால் முளைக்கிறது, தண்ணீர் விடாவிட்டால் வாடுகிறது. நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு எக்ஸ்பான்ஷன் என்று ஒரு கூடுதல் பாகம் இருக்கிறதே, அதில் வயலை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகச் சொல்கிறார்கள். முடிந்த ஒன்றை ஏன் நீட்ட வேண்டும்? கையெழுத்துப் போட்ட கடிதத்தில் பின்குறிப்பு எழுதுவதைப் போன்றது அது. எங்கள் கன்னியர் பள்ளியில் பின்குறிப்பு எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பார்கள். சொல்ல வேண்டியதை முன்னமே யோசிக்காதவள் என்று பொருள்.

நீ கடிதமே எழுது. தொலைபேசி அவர் அறையில் இருக்கிறது. தூசி போகாமல் இருக்க அந்த அறையைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
அண்ணி


ஜனவரி 26

அண்ணிக்கு வணக்கம்.

இருமல் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கவில்லை. பொய் எழுதினால் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் உரக்கப் படித்தேன். படம் வரைகிற பெண் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சார், இந்தம்மாவை இங்கயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வெச்சிடலாம். பாதிப் பேர் தானா ராஜினாமா பண்ணிடுவாங்க" என்றாள். அண்ணன் உங்களை 'ஆபீசரம்மா' என்று கூப்பிட்டது சும்மாவா!

எங்கள் விளையாட்டு ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். ஆள் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர் நீங்கள். கலைந்ததை அடுக்க வேண்டும், திறந்ததை மூட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். சுடுவதும் இல்லை, மோதுவதும் இல்லை. அந்த வீட்டின் அறைகளைக் கட்டியவன் நான். அச்சகத்தில் எழுதுவீர்களே, 'இடம், பிழை, திருத்தம்' என்று கோடு போட்டு, அதேபோல எனக்கும் சீட்டு எழுதி அனுப்புங்கள்.

போன் செய்யாதே என்கிறீர்கள். அதற்கு முன்பே சிலமுறை செய்து பார்த்தேன். எப்போதும் எங்கேஜ்டு.

ஒன்று கேட்கலாமா? அண்ணனின் கடைசி நாளைப் பற்றி, முடிந்தபோது, கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்புடன்,
வாலு


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். நீ மருத்துவரைப் பார்.

உன் வீட்டு விளையாட்டை ஒரு வாரம் ஆடினேன். புகழ்ந்தால் கெட்டுப்போவாய் என்றாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: இதுவரை ஆடியவற்றில் இதற்கு மட்டும்தான் ஒழுக்கம் தெரிந்திருக்கிறது. ஒரு நாற்காலியை மேசையின் அடியில் தள்ளினால் ஒரு சிறு சத்தம் கேட்கிறதே, அந்தச் சத்தத்துக்காகவே பன்னிரண்டு நாற்காலிகளைத் தள்ளினேன். குறைகளும் இருக்கின்றன. சீட்டு இதோ.

இடம்: கூடம். பிழை: கடிகாரம் கதவுக்கு நேர் மேலே. திருத்தம்: உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேரே.
இடம்: சமையலறை. பிழை: தண்ணீர்க் குடம் மூடியில்லாமல் இருக்கிறது. திருத்தம்: மூடி.
இடம்: முன்னறை மேசை. பிழை: பென்சில் இடதுபக்கம். திருத்தம்: வலதுபக்கம். அந்த வீட்டில் இடதுகைக்காரர் யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

தொலைபேசியில் கோளாறு என்றால் அது அந்த இலாகாவின் கோளாறு. ரிசீவரை நானே என் கையால் எடுத்து வைத்துவிட்டுத்தான் அறையைப் பூட்டினேன்.

நீ கேட்டதற்குப் பதில்: அன்று போனில் சொன்னதேதான். தூக்கத்திலேயே போனார். விரிவாக எழுத அதில் ஒன்றும் இல்லை.

ஆசிகளுடன்,
அண்ணி


மார்ச் 2

அண்ணிக்கு வணக்கம். நலம்தானே?

கடிகாரத்தையும் குடத்தையும் திருத்திவிட்டோம். முதல் கூடுதல் பாகத்தை அனுப்பியிருக்கிறேன். அதில் பின்கட்டும் மாடிப்படியும் உண்டு. பின்குறிப்பு எழுதியதற்காக அரை மதிப்பெண் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாகமும் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒரு நடையும் அதன் கோடியில் ஓர் அறையும். மற்ற அறைகளைப் பலர் சேர்ந்து கட்டினோம். அந்தக் கடைசி அறையை நான் ஒருவனே கட்டினேன்.

தூக்கத்திலேயே என்றால் சரி.

வாலு


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தில் இருமலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனால் அது போகவில்லை என்று தெரிகிறது.

பின்கட்டு நன்றாக இருக்கிறது. கொடியில் காயும் துணி காற்று வந்தால் மட்டும் ஆடுகிறது. மாடிப்படி எதற்கு என்று தெரியவில்லை. ஏறினால் பூட்டிய கதவு, இறங்கினால் அதே கூடம். இதை நீட்டல் என்பேன், வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றைப் பாராட்ட வேண்டும். ஜன்னல் கொக்கி தலைகீழாக இருப்பதாகச் செவ்வாய்க்கிழமை சீட்டு எழுதினேன். புதனன்று ஆடியபோது கொக்கி சரியாகியிருந்தது. பென்சிலும் வலதுபக்கம் வந்துவிட்டது. உங்கள் அலுவலகத்தின் சுறுசுறுப்பு எங்கள் அச்சகத்தில் யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் சீட்டு இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடுதான் அதை அனுப்புகிறேன். அதற்குள் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

ஆசிகளுடன்,
அண்ணி


ஏப்ரல் 3

அண்ணிக்கு வணக்கம்.

இருமல் இருக்கிறது. மன்னிக்கவும்.

கொக்கியை நாங்கள் தொடவில்லை. பென்சிலையும் மறந்துவிட்டோம். உங்கள் சீட்டு நேற்றுத்தான் வந்தது. உங்கள் பெட்டிக்கு இணைய இணைப்பும் கிடையாது. டிஸ்க்கில் பதிந்தது பதிந்ததுதான், அச்சடித்த புத்தகம் போல. அலமாரியில் இருக்கும் புத்தகத்தில் ஒரே இரவில் எழுத்து மாறுமா? முதலில் கவனிக்காமல் பார்த்திருப்பீர்கள். உங்களிடம் இப்படிச் சொல்ல எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

இரண்டாவது பாகம் இத்துடன் வருகிறது. அனுப்பலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். கடைசி அறையைப் பொறுமையாகப் பாருங்கள்.

வாலு


ஏப்ரல் 19

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் நீ நலமாக இருக்க வேண்டும்.

அந்த அறையைப் பார்த்தேன். கட்டில், மருந்து வைக்கும் முக்காலி, கம்பி வளைந்த ஜன்னல். கம்பி வளைந்தது உன் அண்ணன் அலமாரியை நகர்த்திய அன்று. என்னைக் கேட்காமல் என் வீட்டு அறையைக் கட்டி, ஊரார் விளையாட விற்கிறீர்களா? அதையாவது பொறுத்துக்கொள்வேன். அந்தக் குரலை ஏன் வைத்தாய்?

நான் முன்னறை மேசையை அடுக்கிக்கொண்டிருக்கும்போது நடைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறது. "ஆபீசரம்மா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க." கொஞ்ச நேரம் விட்டு, "ஆபீசரம்மா." மறுபடியும் ஒருமுறை. மேசையை அடுக்கி முடித்துவிட்டுப் போனால் அறையில் யாரும் இல்லை. வீட்டுக்குள் செல்லமாக அழைத்த பெயரை உனக்குத் தெரியும் என்பதற்காகக் கடையில் வைக்கலாமா? யாரை நடிக்க வைத்தாய்? அந்த ஆள் 'நிமிஷம்' என்ற சொல்லில் மூச்சு வாங்குகிறான். உன் அண்ணனுக்கு அப்படி மூச்சு வாங்கியது கடைசிப் பத்து நாட்களில் மட்டும்தான்.

நேற்று கீழ்வீட்டுத் தையல்காரி ரவிக்கை கொடுக்க வந்தாள். குரலைக் கேட்டுவிட்டு, "யாருக்கா உள்ள? கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களே, போய்ப் பாக்கலையா?" என்றாள்.

"அது விளையாட்டும்மா. டிவியிலிருந்து வருது" என்றேன்.

"டிவி பக்கமா கேக்கலையேக்கா. அந்தப் பூட்டின ரூம் பக்கமால்ல கேட்டுது?" என்று சொல்லிவிட்டு, காப்பி கொடுக்கிறேன் என்றும் நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள். காது மந்தமானவள்.

சீட்டு:
இடம்: கடைசி அறை. பிழை: தொலைபேசி ரிசீவர் தலையணைமேல் கிடக்கிறது. ஒழுங்கான வீட்டில் ரிசீவரை அப்படிப் போட மாட்டார்கள். திருத்தம்: எடுத்து அதன் இடத்தில் வைக்கவும்.

அண்ணி


மே 12

தம்பிக்கு,

நலமா? பதில் வராமல் இரண்டாவது கடிதம் எழுதும் வழக்கம் எனக்கில்லை. உனக்குத் தெரியும்.

சீட்டு எழுதிய மறுநாளே ரிசீவர் அதன் இடத்தில் இருந்தது. அன்றிலிருந்து குரல் இல்லை. மேசையை மெதுவாக அடுக்கிப் பார்த்தேன். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். நடையில் நின்றும் பார்த்தேன். மூன்று வாரமாக ஐந்து மணி தாண்டியும் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. விவசாய விளையாட்டில் பயிர் வாடிவிட்டது.

சென்ற கடிதத்தில் கடுமையாக எழுதியிருந்தால் அதை விட்டுவிடு. என் திருத்தத்தால்தான் குரல் நின்றது என்றால், அதை நீக்க உங்கள் அலுவலகத்தில் வழி உண்டா? ஒரே ஒரு முறை போதும். அவர் எதற்காகக் கூப்பிட்டார் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

விளையாட்டில் வரும் குரலைச் சொல்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணி


மே 28

அண்ணிக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தை ஐந்து முறை கிழித்தேன்.

அந்த அறையில் குரல் இல்லை, அண்ணி. அந்த விளையாட்டிலேயே மனிதக் குரல் கிடையாது. யாரையும் நாங்கள் நடிக்க வைக்கவில்லை. இங்கே அதே டிஸ்க்கைப் போட்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். நாற்காலிச் சத்தம் கேட்கிறது, துணி ஆடுகிறது, வேறு எதுவும் இல்லை. என் திரையில் ரிசீவர் இன்னும் தலையணைமேல்தான் இருக்கிறது.

அதை வைத்தவன் நான். ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன்.

அன்று நாலு மணிக்கு அண்ணன் எனக்குப் போன் செய்தார். நான் பேச ஆரம்பித்ததும் இருமினேன். "என்னடா இது, இன்னுமா இருமுற? நான் சொன்னா நீ கேக்க மாட்ட. இரு, ஆபீசரம்மாவைக் கூப்பிடறேன். அவங்கதான் உனக்கு லாயக்கு, நல்லாத் திட்டுவாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் உங்களை மூன்று முறை கூப்பிட்டார். நீங்கள் "இந்தப் பக்கம் முடிஞ்சதும் வரேன்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. பிறகு ரிசீவர் எதன்மேலோ மெதுவாக விழுந்த சத்தம்.

நான் அண்ணா அண்ணா என்று கத்தினேன். அதற்குப் பிறகு காகிதம் புரளும் சத்தம் மட்டும்தான். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். நாற்பது நிமிடம். கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் நம்பர் என்னிடம் இருந்தது. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் இந்தப் போனை வைக்க வேண்டும். வைத்தால் அண்ணன் போய்விடுவார் என்று ஏனோ தோன்றியது. அதனால் வைக்கவில்லை. பிறகு யாரோ வந்து ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்கள். ஐந்தரைக்கு நீங்கள் போன் செய்து, தூக்கத்திலேயே போனார் என்றீர்கள்.

ஏழு மாதமாக அதை உங்களிடம் கேட்க நினைத்தேன். கேட்கத் தைரியம் இல்லாமல் ஓர் அறையைக் கட்டினேன். நீங்கள் பார்க்க வேண்டும் என்று கோபத்தில் கட்டினேன். தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. உங்களைக் குற்றம் சொன்னால் போனை வைக்காமல் உட்கார்ந்திருந்த என்னையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் கூப்பிட்டது வலியால் இல்லை, அண்ணி. என்னைத் திட்டுவதற்காக.

மன்னியுங்கள்.
வாலு


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் திங்களன்று வந்தது. முழங்காலைப் பற்றி இன்று எழுதவில்லை. அது தன் பாட்டுக்கு வலிக்கட்டும்.

பக்கத்தை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று கன்னியர் பள்ளியில் எட்டு வயதில் கற்றுக்கொடுத்தார்கள். எழுந்தால் விரல் கணுவில் ஸ்கேல் விழும். அது நல்ல பழக்கம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்று என் கையில் இருந்தது ஒரு பள்ளிப் பாடப்புத்தகம். அந்தப் பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தின் முதல் வரியிலேயே ஒரு பிழை கண்ணில் பட்டது. பிழையைப் பார்த்துவிட்டு எப்படி எழுவது? அப்படியே பதினோரு பக்கம். உள்ளே போனபோது ரிசீவர் தலையணைமேல் கிடந்தது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான், அவர் முகமல்ல. எடுத்து ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் அவரைத் தொட்டேன். அந்த முனையில் நீ இருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. தவறாகத் திருத்திவிட்டோம், இருந்ததே சரி, அப்படியே இருக்கட்டும் என்றால் அடித்த சொல்லின் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்போம். முப்பத்தொரு ஆண்டில் நான் அதைப் பயன்படுத்தியது மிகக் குறைவு. திங்கட்கிழமை ஒரு சீட்டில் 'ரிசீவர் தலையணைமேல்' என்று எழுதி, அடித்து, அடியில் புள்ளி வைத்தேன். தபாலில் போடவில்லை. மேசைமேல் வைத்தேன்.

செவ்வாய் நாலு மணிக்கு முன்னறை மேசையை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாதிதான் முடிந்திருந்தது.

"ஆபீசரம்மா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க."

எழுந்துவிட்டேன். விளையாட்டில் பொத்தானை அழுத்தினால் போதும், இருந்தும் நிஜமாகவே நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டுதான் அழுத்தினேன். நடையைக் கடந்து கதவைத் திறந்தேன். கட்டிலில் யாரும் இல்லை. ரிசீவர் தலையணைமேல் இருந்தது. இதுவரை அதை வெறும் படம் என்று நினைத்திருந்தேன். இப்போது கைக்கு வந்தது. அதனுள்ளே காகிதம் புரளும் சத்தம். பென்சில் உரசும் சத்தம். பிறகு மிகத் தெளிவாக, மிக நிதானமாக, "இந்தப் பக்கம் முடிஞ்சதும் வரேன்" என்று ஒருத்தி சொன்னாள். என் குரல் அந்த அறையில் இப்படிக் கேட்டிருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, தம்பி. கோபம்கூட இல்லை அதில்.

மேசையை அடுக்காமலே பெட்டியை அணைத்தேன்.

உனக்கு நான் தர வேண்டிய சீட்டு இது:

இடம்: சென்ற அக்டோபரில் நான் உனக்குப் போனில் சொன்ன வாக்கியம்.
பிழை: 'தூக்கத்திலேயே போனார்.'
திருத்தம்: 'கூப்பிட்டுக்கொண்டே போனார். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.'

மருத்துவரைப் பார். இது உன் அண்ணன் சொல்லச் சொன்னது.

ஆசிகளுடன்,
அண்ணி

பின்குறிப்பு: அரை மதிப்பெண் போகட்டும். மேலே உள்ளதை எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, நம் வீட்டில் பூட்டியிருந்த அறையைத் திறந்தேன். எட்டு மாதத் தூசி. நான் என் கையால் எடுத்து வைத்த ரிசீவர் தலையணைமேல் கிடந்தது. அதன்மேல் மட்டும் தூசி இல்லை. காதில் வைத்தேன். எங்கோ தொலைவில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் எனக்குத் தெரியும். திட்ட வேண்டியதையெல்லாம் நிதானமாகத் திட்டினேன். முடித்ததும் கை வழக்கம்போல ரிசீவரை அதன் இடத்துக்குக் கொண்டுபோனது. நிறுத்தி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே நீ போன் செய்தால் எங்கேஜ்டாகத்தான் இருக்கும். நேரில் வா.